எல்லார்ட்டயும் பேசியாச்சா?

எங்கள் தலைமையாசிரியரின் அறை ஜன்னல் வழியாக அவருடைய கை வெளியே நீண்டால், உள்ளே ஏதோ ஒரு சண்டை முடிந்துவிட்டது என்று அர்த்தம். சாலைக்கு அந்தப் பக்கம் ஒரு பெட்டிக்கடை. கடைக்காரர் எந்த வேலையில் இருந்தாலும் அந்த ஜன்னல்மேல் ஒரு கண் வைத்திருப்பார். எத்தனை விரல் நிமிர்ந்திருக்கிறதோ அத்தனை கலர் பாட்டிலோடு, ஓப்பனரை இடுப்பில் செருகிக்கொண்டு வந்து சேர்வார். கறுப்போ ஆரஞ்சோ மஞ்சளோ, அந்தப் பக்கத்தில் எல்லாமே கலர்தான். சண்டை போட்ட இரண்டு தரப்பும் எதிரெதிரே உட்கார்ந்து பாட்டிலைக் காலி செய்ய வேண்டும். குடித்துவிட்டால் விஷயம் முடிந்தது. குடித்த பிறகு பழைய பேச்சை எடுத்தவனை ஊரில் யாரும் மதிக்க மாட்டார்கள். இதற்கு அரசாணை ஏதும் கிடையாது. இருக்கிற அரசாணைகளைவிட இது ஒழுங்காக நடந்தது.

கந்தர்வக்கோட்டையில் இறங்கி, மினி பஸ் மாறி, முந்திரிக்காட்டுக்கு நடுவே போகும் சாலையின் கடைசியில் இருந்தது பள்ளிக்கூடம். அறிவியல் ஆசிரியையாக நான் அங்கே போன புதிதிலேயே எனக்கும் மூத்த தமிழாசிரியைக்கும் தகராறு. ஆய்வகத்தில் ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியை, தன் வகுப்பில் பிள்ளைகளுக்கு வேர்க்கிறது என்று அவர் கழற்றிக்கொண்டு போய்விட்டார். எனக்கு அப்போது கோபம் மூக்குக்கு மேல் வரும். எழுத்துமூலம் புகார் கொடுத்தேன். தலைமையாசிரியர் தாளை வாங்கிப் படிக்காமலே மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, எழுந்து தானே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உக்காரும்மா. இத எதுக்கு எழுதிக்கிட்டு? வாயால சொல்லு, கேக்குறேன்."

கேட்டார். ஒரு காது மந்தம் என்பதால் தலையைச் சாய்த்துக்கொண்டு, நடுவில் ஒரு வார்த்தை குறுக்கே போடாமல் கேட்டார். அப்புறம் தமிழாசிரியையிடம் கேட்டார். மின்விசிறியைக் கழற்றிக் கொடுத்த எலக்ட்ரீஷியனிடம் கேட்டார். நிஜமாகவே வேர்க்கிறதா என்று அந்த வகுப்புக்குப் போய்ப் பிள்ளைகளிடமும் கேட்டார். கடைசியில் எங்கள் இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்துவிட்டு, அறையை ஒருதரம் சுற்றிப் பார்த்தார்.

"எல்லார்ட்டயும் பேசியாச்சா? ஒருத்தரும் விட்டுப் போகலையே?"

அதற்கப்புறம்தான் கை ஜன்னலுக்குப் போனது. பட்டமேற்படிப்பு முடித்த இரண்டு பெண்கள், காதுகுத்துக்கு வந்த பிள்ளைகள் மாதிரி ஆரஞ்சுக் கலர் குடித்தோம். எனக்கு அது மூக்கில் ஏறித் தும்மல் வந்தது. தமிழாசிரியை சிரித்துவிட்டார். மின்விசிறி அவர் வகுப்பிலேயே இருந்தது. எனக்கு எங்கிருந்தோ வேறொன்று வந்து சேர்ந்தது.

அவர் கத்தி நான் கேட்டதில்லை. பிரம்பு எடுத்ததில்லை. கூட்டிப் பெருக்க வரும் அம்மாவுக்கும் எழுந்து நாற்காலி இழுத்துப் போடுவார். போனை எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார். காது மந்தம் ஒரு காரணம். 'மறச்சுப் பேச என்ன இருக்கு' என்பது அவர் சொல்லும் காரணம். ஒரு தடவை கோயில் திருவிழாவில் ஆரம்பித்த இரண்டு ஊர்ச் சண்டை பள்ளிக்கூடத்துக்குள்ளேயும் வந்துவிட்டது. பையன்கள் பெஞ்சைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள், அப்பன்மார்கள் வாசலில் கூடிவிட்டார்கள். காலையில் பேச ஆரம்பித்தவர், குடித்துவிட்டுத் தள்ளாடிக்கொண்டு வந்த ஒரு சித்தப்பாவைக்கூட விடாமல், சாயங்காலம்வரை பேசினார். அன்றைக்கு விரல் போதவில்லை, கடைக்காரர் பெட்டியோடு தூக்கிவந்தார். விசாரிக்க வந்த போலீஸ் ஜீப்பில் இருந்தவர்களும் ஆளுக்கொரு கலர் குடித்துவிட்டுத் திரும்பினார்கள்.

எனக்கு அவரை மிகவும் பிடிக்கும். பிடித்துப்போனதற்குக் காரணம் மின்விசிறி இல்லை, ஒரு கல்யாணம்.

பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்திக்குத் தை மாதம் கல்யாணம் என்று காதில் விழுந்தது. அதிகாரிகளுக்குச் சொல்லலாம் சார் என்று நாங்கள் சொன்னோம். அவர் கேட்கவில்லை. தினமும் பள்ளி விட்டதும் தன் மொபெட்டில் அந்த வீட்டுக்குப் போய் உட்கார்ந்துவிடுவார். அப்பாவிடம் பேசினார், தாய்மாமனிடம் பேசினார், மாப்பிள்ளை வீட்டுக்கும் போய்ப் பேசினார். 'நீ என்ன படிக்கணும்னு நெனைக்கிற?' என்று அந்தப் பெண்ணிடமும் பேசினார். கல்யாணம் நின்றது. அவள் இப்போது தஞ்சாவூரில் நர்ஸாக இருக்கிறாள்.

"ஜீப்பு வந்து நின்னா அந்தாளுக்கு ரோசந்தான் வரும். புள்ளய அங்கிட்டு எங்கயாச்சும் கொண்டுபோயிக் கட்டிக் குடுத்துருவான். ஒக்காந்து பேசுனா எந்த மனுசனும் கேப்பான்மா" என்றார்.

அவர் சொன்னது சரியாகவும் இருந்தது. சரியாக இருந்ததுதான் பின்னால் வினையாகிப்போனது.

மேலே இருப்பவர்களுக்கும் அவரை ரொம்பப் பிடிக்கும். அதற்குக் காரணம் வேறு. 'கேட்டத் தாண்டப்படாது' என்று அவர் அடிக்கடி சொல்வார். எந்தப் பிரச்சினையானாலும் பள்ளிக்கூடத்து இரும்புக் கேட்டுக்குள்ளேயே முடிந்துவிட வேண்டும். எங்கள் பள்ளியிலிருந்து புகார் என்று ஒரு தாள் வெளியே போனதில்லை. கூட்டங்களில் கல்வி அதிகாரி மற்ற தலைமையாசிரியர்களைப் பார்த்து, "அந்த ஸ்கூலப் பாருங்க, ஒரு கம்ப்ளெய்ன்ட் உண்டா?" என்பாராம். அப்படிப்பட்ட கூட்டம் முடிந்து வரும் நாட்களில் இவர் புதுமாப்பிள்ளை போல வெட்கத்தோடு வருவார்.

குழந்தைப் பாதுகாப்புப் பயிற்சி என்று புதுக்கோட்டையில் ஒரு நாள் கூட்டம் போட்டார்கள். பள்ளிக்குத் தலைமையாசிரியரும் ஒரு பெண் ஆசிரியரும் வர வேண்டும். அவரோடு நான் போனேன். பயிற்சி கொடுத்த பெண் பளிச்சென்று பேசினார். ஒரு குழந்தைக்குத் தவறு நடந்திருக்கிறது என்று தெரிய வந்தாலே உடனே போலீசுக்குச் சொல்ல வேண்டும், சொல்லாமல் இருப்பதே குற்றம் என்றார். எங்கள் தலைமையாசிரியர் எழுந்தார்.

"நல்லா விசாரிச்சுப் பாத்துட்டுச் சொல்லலாம்லம்மா?"

"விசாரிக்கிறது உங்க வேலை இல்லைங்க சார். சொல்றது மட்டுந்தான் உங்க வேலை."

திரும்பி வரும்போது பஸ்ஸில் அதையே பேசிக்கொண்டு வந்தார். "அதெப்படிம்மா? அவனுக்கும் ஒரு குடும்பம் இருக்கும். ஒரு வார்த்த கேக்காம எப்படிப் போயிச் சொல்றது?" சட்டத்தில் அப்படித்தான் சார் இருக்கிறது என்றேன். "சட்டம் எழுதுனவங்க யாரும் நம்ம மினி பஸ்ல வந்ததில்லையே" என்று சிரித்தார்.

ஆனால் மேலிடத்து உத்தரவை அவர் தட்டியதே இல்லை. குழந்தைகள் உதவி எண்ணைச் சுவரில் எழுத வேண்டும் என்று உத்தரவு வந்தது. மற்ற பள்ளிகளில் ஒரு மூலையில் சுண்ணாம்பில் கிறுக்கி வைத்தார்கள். இவர் கோயில் வளைவுக்கு எழுதும் பெயிண்டரைக் கூட்டிவந்து, பிள்ளைகள் தண்ணீர் குடிக்கும் குழாய்க்கு மேலே, பள்ளியின் பெயரைவிடப் பெரிய எழுத்தில் எழுதவைத்தார். அதோடு விடவில்லை. திங்கட்கிழமை தோறும் பிரார்த்தனைக் கூட்டத்தில் எல்லாப் பிள்ளைகளும் அந்த எண்ணை ஒன்றாகச் சொல்ல வேண்டும். இவர் மேடையில் நின்று கையால் தாளம் போடுவார். கொஞ்ச நாளில் அதற்கு ஒரு ராகமே வந்துவிட்டது.

கம்ப்யூட்டர் பாடத்துக்கு ஓர் ஆசிரியர் வருஷத்தின் நடுவில் வந்து சேர்ந்தார். மணமேல்குடிப் பக்கமிருந்து, நிர்வாக மாறுதலில். என்ன நிர்வாகம், ஏன் மாறுதல் என்று கேட்கும் வழக்கம் எங்கள் துறையில் இல்லை. யாரும் கேட்க வேண்டாம் என்பதற்காகத்தான் அந்தச் சொல்லை வைத்திருக்கிறார்கள்.

சில மாதம் கழித்து ஒரு நாள் காலையில், முந்திரிக்கொட்டை உடைக்கும் வேலை செய்யும் ஓர் அம்மா, ஏழாம் வகுப்பு படிக்கும் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு தலைமையாசிரியரைப் பார்க்க வந்தார். பெண் ஆசிரியர் ஒருவர் உடன் இருக்க வேண்டும் என்ற விதிப்படி என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். நான் போகும்போது அந்த அம்மாவுக்கு நாற்காலி இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். பிறகு சிறுமியைப் பார்த்து, "நீ வெளிய நில்லு தாயி. பெரியவுக பேசிக்கிறோம்" என்றார். அவள் போய்த் தண்ணீர்க் குழாயருகே நின்றாள். என் நாற்காலியிலிருந்து பார்த்தால் தெரிந்தாள்.

அந்த அம்மா சொன்னார். கம்ப்யூட்டர் அறையில் அந்த ஆசிரியர் தன் மகளைத் தனியாக நிறுத்திவைத்து என்ன செய்தார் என்று சொன்னார். அதை நான் இங்கே எழுதப்போவதில்லை. "சார், இத உடனே சொல்லியாகணும்" என்றேன்.

"சொல்லுவோம்மா. மொதல்ல பேசிருவோம்."

மேலதிகாரிக்குப் போன் போட்டார். வழக்கம்போல ஸ்பீக்கரில். விஷயத்தைச் சொன்னார். அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. "உங்களுக்குத் தெரியாததா சார்? பேப்பர்க்காரன் காதுக்குப் போறதுக்குள்ள பார்த்து முடிச்சிருங்க. அந்த ஆளுக்கு வேற எடம் நான் பாத்துக்கிறேன்."

நான் கேட்டேன். அந்த அம்மாவும் கேட்டார்.

பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவரை வரவழைத்தார். அப்புறம் அந்த ஆசிரியரையே வரவழைத்து, அந்தத் தாய்க்கு எதிரே ஒரு நாற்காலியைப் போட்டு உட்காரவைத்தார். அவருடைய எல்லாப் பஞ்சாயத்தும் அப்படித்தான் நடக்கும். இதுவும் அப்படியே நடக்கும் என்று நினைத்துவிட்டார். அந்த நாற்காலியை இழுத்துப் போட்டாரே, அதை என்னால் இன்றுவரை பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

தலையைச் சாய்த்து ஒவ்வொருவரிடமும் கேட்டார். அந்த ஆசிரியர் குனிந்த தலை நிமிராமல் என்னவோ முனகினார். கடைசியில் தலைமையாசிரியர் முடிவு சொன்னார். ஆசிரியர் இன்றைக்கே மெடிக்கல் லீவில் போய்விட வேண்டும், அடுத்த மாதம் பொன்னமராவதிப் பக்கம் மாறுதல். பிள்ளையின் மேல்படிப்பைக் கழகம் பார்த்துக்கொள்ளும். "வெளிய தெரிஞ்சா நம்ம புள்ள பேருதான் ஆத்தா கெடும். நான் ஒனக்குக் கெடுதல் சொல்லுவேனா?" அந்த அம்மா பதில் பேசவில்லை. பேசாததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

"எல்லார்ட்டயும் பேசியாச்சா? ஒருத்தரும் விட்டுப் போகலையே?"

கை ஜன்னலுக்குப் போனது.

பாட்டில்கள் வந்தன. அந்த ஆசிரியர் ஒன்றை எடுத்துக்கொண்டார். அந்த அம்மாவின் முன்னால் ஒன்று வைக்கப்பட்டது. முந்திரிக்கொட்டைப் பால் பட்டுக் கறுத்துத் தோலுரிந்த விரல்கள் அவருக்கு. அவற்றை மடியிலேயே வைத்துக்கொண்டு கேட்டார்.

"பொன்னமராவதில பொம்பளப் புள்ளைக படிக்கலையா சார்?"

அந்த அம்மாவே தொடர்ந்தார்.

"இந்தாளு இங்கிட்டு வர்றதுக்கு முந்தி எங்கிட்டு இருந்தாரு?"

"மணமேல்குடிப் பக்கம்" என்றார் தலைமையாசிரியர். சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் முகம் மாறியது. அந்த ஆசிரியர் பக்கம் திரும்பி, "அங்க என்ன பிரச்சின?" என்றார்.

கம்ப்யூட்டர் ஆசிரியர் தன் கையிலிருந்த பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அங்கயும் பேசி முடிச்சிட்டாங்க சார்" என்றார்.

அந்த அம்மா எழுந்து வெளியே நடந்தார். பாட்டில் வைத்தபடியே இருந்தது. நான் யாரிடமும் அனுமதி கேட்காமல் பின்னாலேயே போனேன். குழாயருகே நின்ற மகளின் தோளில் கை வைத்துக்கொண்டு, "டீச்சர், ஏம்போனுல சார்ஜ் இல்ல. ஒங்க போனக் குடுங்க" என்றார். கொடுத்தேன். "என்ன நம்பர்த்தா?" என்று மகளிடம் கேட்டார். அவள் நிமிர்ந்து சுவரைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே, திங்கட்கிழமைப் பிரார்த்தனையில் சொல்லும் அதே ராகத்தில், இலக்கம் இலக்கமாகச் சொன்னாள்.

தலைமையாசிரியர் ஜன்னலில் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த எண் அவர் கண்ணுக்கு நேரே, அவரே எழுதவைத்த பெரிய எழுத்தில் இருந்தது. மேசைமேல் போனும் இருந்தது. அப்போதாவது அவர் எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை.

அன்றைக்கே மகளிர் போலீஸ் வந்தார்கள். கம்ப்யூட்டர் ஆசிரியர் கைதானார். மறைத்ததற்காகத் தலைமையாசிரியர் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டார், அவர்மேல் தனியாக ஒரு வழக்கும் போட்டார்கள். ஊர் அவர் பக்கம் நின்றது. "ஒரு நல்ல மனுசன இப்படி மாட்டிவிட்டுட்டீங்களே டீச்சர்" என்று மினி பஸ்ஸில் என் முகத்துக்கு நேரேயே கேட்டார்கள். நல்ல மனிதர்தான், நானும் இல்லை என்று சொல்லவில்லை. அந்த அம்மாவோடு சேர்ந்து கொட்டை உடைக்கும் பெண்கள் அவரோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார்கள். அவர் மகள் நின்றுவிடாமல் பள்ளிக்கு வந்தாள். மேலதிகாரி, பள்ளியிலிருந்து தனக்குத் தகவலே வரவில்லை என்று நிருபர்களிடம் சொன்னார்.

சில நாளில் அந்த அதிகாரி சார்பில் ஓர் ஆள் தலைமையாசிரியர் வீட்டுக்குப் போயிருக்கிறார். போன் பண்ணவே இல்லை, அந்த அம்மாவும் விவரமாகச் சொல்லவில்லை என்று விசாரணையில் சொல்லிவிட்டால் போதும், வேலையும் பென்ஷனும் பத்திரம் என்று பேச. போகும்போது பெரிய கலர் பாட்டில் ஒன்றும் வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். இதை எனக்குச் சொன்னவர் தலைமையாசிரியரேதான்.

"எங்கிட்டயே கலரு கொண்டாந்தான்மா!" என்று சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. "பேசுனதப் பேசலன்னு எப்படிச் சொல்றது? ஸ்பீக்கர்லதான பேசுனோம். அந்தாத்தா கேட்டுக்கிட்டு ஒக்காந்திருந்துச்சே."

விசாரணையில் போன் விஷயத்தைச் சொன்னார். நானும் சொன்னேன். அந்த அதிகாரிக்கும் மாறுதல் வந்தது, நிர்வாகக் காரணங்களுக்காக. வேறு மாவட்டம். அங்கேயும் பள்ளிக்கூடங்கள் இருக்கின்றன.

அந்த விசாரணையின்போது அடுத்த சாட்சியாக நான் அதே அறையில் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். குழந்தைப் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து வந்த ஒரு பெண்மணி கேள்வி கேட்டார். அன்று யார் யாரிடம் பேசினீர்கள் என்றார். இவருக்குப் பிடித்த கேள்வி. நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னார்: அம்மாவிடம், அந்த ஆசிரியரிடம், கழகத் தலைவரிடம், மேலதிகாரியிடம், இதோ இந்த டீச்சரிடம்.

"கொழந்தைட்ட என்ன கேட்டீங்க?"

அவர் தலையைச் சாய்த்தார். காதில் விழவில்லையோ என்று நினைத்து அந்தப் பெண்மணி மறுபடி கேட்டார். விழுந்தது என்று எனக்குத் தெரியும். ஒரு மின்விசிறிக்காக ஒரு வகுப்பையே கேட்டவர் அவர். கல்யாணத்தை நிறுத்தப் போனபோதும் அந்தப் பெண்ணின் வாயால் கேட்டவர். இந்த ஒரு தடவை மட்டும், கேட்கக் கூச்சமாக இருந்ததோ, கேட்டால் அப்புறம் முடிக்க முடியாது என்று பட்டதோ, பிள்ளையை வெளியே நிறுத்திவிட்டார். கடைசியில், "புள்ள வெளிய நின்னுச்சும்மா" என்றார்.

வழக்கு இழுத்துக்கொண்டே போனது. அவருக்கு ஓய்வு பெறும் வயது வந்தது. ஓய்வு மட்டும் வரவில்லை, தற்காலிகப் பணிநீக்கம் அப்படியே நின்றது. ஒரு நாள் எனக்குப் போன் செய்தார். "அந்தப் புள்ளட்ட நான் ஒரு வார்த்த பேசலாமாம்மா? நீ கூட இரு. ரெண்டு நிமிசம் போதும்."

அந்தப் பெண் அப்போது பத்தாம் வகுப்பில், என் வகுப்பில்தான் இருந்தாள். தனியாகக் கூப்பிட்டு, நீ வேண்டாம் என்றால் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டுக் கேட்டேன்.

"எங்கிட்ட எதுக்கு டீச்சர்? கோர்ட்டுல சொல்லச் சொல்லுங்க."

அவரிடம் சொன்னேன். "புள்ளட்டயே கேட்டியா?" என்றார். கேட்டேன் சார் என்றேன். "சரி" என்று போனை வைத்துவிட்டார்.

கம்ப்யூட்டர் ஆசிரியரின் வழக்கில் அவர் சாட்சி சொல்ல வேண்டிய நாளில் என்னையும் வரச் சொல்லியிருந்தார்கள். புதுக்கோட்டை நீதிமன்றத்தில் மூடிய கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அவருடைய வக்கீல் வராந்தாவிலேயே அவரை நிறுத்தி எச்சரித்ததைக் கேட்டேன். அப்போதே தெரியும் என்று இங்கே ஒப்புக்கொண்டால் உங்கள் வழக்கில் நீங்களே மாட்டிக்கொள்வீர்கள், பென்ஷனை மறந்துவிட வேண்டியதுதான், ஞாபகம் இல்லை என்று சொல்லுங்கள் என்றார் வக்கீல். இவர் தலையைச் சாய்த்து முழுதும் கேட்டுக்கொண்டு உள்ளே போனார்.

வெளியே வந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. மெலிந்திருந்தார். பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"சொன்னீங்களா சார்?"

"சொன்னேன். அன்னைக்குக் காலைலயே எனக்குத் தெரியும், தெரிஞ்சும் சொல்லலன்னு சொன்னேன். புள்ளய வெளிய நிறுத்திட்டேன், ஒரு வார்த்த கேக்கலன்னும் சொன்னேன்."

என் சாட்சியை அடுத்த வாய்தாவுக்குத் தள்ளிவைத்துவிட்டார்கள். இருவரும் பஸ்ஸுக்கு நடந்தோம். நல்ல வெயில். நிறுத்தத்துக்கு எதிரே ஒரு கூல்டிரிங்ஸ் கடை இருந்தது. அவர் கை தன்னால் உயர்ந்தது, இரண்டு விரல் நிமிர்ந்தது. அந்தக் கடைக்காரருக்கும் அது புரிந்து, பெட்டியைத் திறந்து இரண்டு பாட்டிலை எடுத்து, ஒன்றில் ஓப்பனரை வைத்துவிட்டார்.

இவர் கையை இறக்கிக்கொண்டார்.

"வேணாம்ப்பா, உள்ள வச்சிரு" என்று அவரிடம் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "இன்னும் முடியலைல்லம்மா."